இலத்தூர் வீட்டுக்குப் பெரிய திரை

டாக்டர்கிட்ட ஒரு பொய், வக்கீல்கிட்ட ஒரு பொய்னு ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, டிவி ரிப்பேர் பாக்க வந்தவகிட்ட மட்டும் ஊரே சேர்ந்து ஒரே பொய்யைத்தான் சொல்லும்: "நாங்க ஒண்ணுமே தொடலம்மா."

தென்காசியில ஒரு சின்னக் கடை வச்சிருக்கேன். பழைய டிவியில ஸ்ட்ரீமிங் பெட்டி மாட்டிக் குடுக்கது, மூலையில கிடக்க கம்ப்யூட்டரைத் தூசி தட்டி டிவியோட கோத்து வீட்டுக்குள்ள தியேட்டர் ஆக்குதது, வீட்டுக்காரங்க அதைக் கெடுத்ததும் மறுபடி போய் நிமித்துதது. இதான் என் பொழப்பு. எனக்குக் கோவம் மூக்கு மேலதான் இருக்கும்னு வாடிக்கைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். அப்படியும் கூப்பிடுதாங்கன்னா, ஒண்ணு எனக்குத் தொழில் தெரியும், இல்லன்னா அவசரத்துக்கு வேற ஆள் கிடைக்கல. ரெண்டாவதுதான் காரணம்னு என் வீட்டுக்காரர் சொல்லுதாரு.

இந்தச் சீசன்ல பட்ட பாட்டை மட்டும் சொல்லுதேன். ரிமோட்டை உள்ளங்கையில தட்டித் தட்டிக் கை செவந்து போனவங்க யாரா இருந்தாலும், நீங்களும் நம்ம ஜாதிதான்.

கண்ணாடி இல்லம்பாக

இலத்தூர்ல இருந்து சண்முகத்தாய் அக்கா கடைக்கு வந்தாங்க. அவங்க மக முத்துச்செல்வி போலீஸ் பயிற்சி முடிக்கப் போறா. கடைசியில அணிவகுப்பு நடக்கும், அதை நேரலையாக் காட்டுவாங்களாம். அது வீட்டு டிவியில தெரியணும். "நேர்ல போகாம டிவியில எதுக்குக்கா?"ன்னு கேட்டேன். அதுக்கப்புறம்தான் விஷயமே வந்துச்சு. வேலாயுதம் அண்ணாச்சி, அதாவது அவங்க வீட்டுக்காரர், புளியங்குடியில மாப்பிள்ளை பாத்துப் பேச்சு முடியிற நேரத்துல மக பயிற்சிக்குக் கிளம்பிப் போயிட்டா. அன்னையில இருந்து அவர் மககூடப் பேசுததே இல்ல. அவ போன் வந்தா எந்திரிச்சு வெளிய போயிருவாராம். அணிவகுப்புக்கு வரவே மாட்டேன்னுட்டாரு. அக்கா அங்க தனக்கு இருந்த இடத்தைத் தம்பிக்கு விட்டுக் குடுத்துட்டாங்க. இவங்க கிளம்பிப் போயிட்டா வீட்டுல அவரைப் பிடிச்சு உக்கார வைக்க ஆளு கிடையாதே.

எனக்கு மனசு என்னமோ ஆயிருச்சு. இருந்தாலும் தொழில் புத்தி போகுமா? "உங்க செல்லுலயே வரும்க்கா, நீட்டிக் காட்டிருங்க. எதுக்கு வீண் செலவு?"ன்னேன். அக்கா என்னை விவரமில்லாதவளைப் பாக்க மாதிரி பாத்தாங்க.

"செல்லுல காட்டுனா கண்ணாடி இல்லம்பாக, எந்திரிச்சுப் போயிருவாக. சுவத்துல பெருசா ஓடுச்சுன்னா என்னத்தச் சொல்லி எந்திரிப்பாக? அவ இப்படி நடக்கது இந்த ஒரு நாளுதான். அன்னைக்குப் பாக்கலன்னா இவுக இனி எப்பமும் அவளைப் பாக்க மாட்டாக தங்கச்சி."

மகன் வச்ச மிச்சம்

நடுவுல புளியங்குடிக்குப் போக வேண்டியதாச்சு. எலுமிச்சை கமிஷன் மண்டிக்காரர் ஒருத்தர். வீட்டுல ஸ்ட்ரீமிங் பெட்டி மாட்டி ஒரு வருசம் நல்லாத்தான் ஓடிச்சு. இப்போ அவர் பாக்காத படத்தை எல்லாம் பாதி பாத்ததா அது காட்டுதாம். "யாரோ வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டுப் போறான்"னு வேலைக்காரம்மா மேல சந்தேகம். அந்தம்மா பாவம், கண்ணைக் கசக்கிக்கிட்டு ஓரமா நிக்காங்க.

விஷயம் ஒண்ணுமில்ல. பெங்களூர்ல இருக்க அவர் மகன் அப்பாவோட கணக்குக்குள்ளயே, அப்பா பேர்லயே படம் பாக்கான். அவன் விட்ட இடம் இங்கன டிவியில வந்து நிக்குது. மொதல்ல அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கன்னேன். சொன்னாரு. அவங்க மூக்கை உறிஞ்சிக்கிட்டுக் காப்பி போடப் போனாங்க. மகன் பேரைத் தனியாப் பிரிச்சு விட்டுருதேன், ஒரு நிமிச வேலைன்னு ரிமோட்டை எடுத்தேன். மண்டிக்காரர் என் கையில இருந்து அதை மெதுவா வாங்கி வச்சுக்கிட்டாரு.

"பிரிக்க வேண்டாம் தாயி. அவன் போன்ல 'நல்லாருக்கேன்ப்பா'ன்னு ஒத்தை வார்த்தையில வச்சிருவான். இதப் பாத்தா, நேத்துத் தூங்காம கெடந்திருக்கான், இன்னைக்கு லீவு போட்டிருக்கான்னு எனக்கு எல்லாம் தெரியுதுல்லா."

முழிச்சுக் கெடக்க பெட்டி

இலத்தூர் வீட்டு டிவி பெருசுதான், ஆனா இன்டர்நெட்னா என்னன்னு தெரியாத காலத்து டிவி. முத்துச்செல்வி பரீட்சைக்குப் படிச்ச கம்ப்யூட்டர் ஒண்ணு அவ ரூம்ல துணி போத்திக் கிடந்துச்சு. டிவியை அந்த ரூம் சுவத்துலயே மாட்டி, ரெண்டையும் கோத்தேன். கம்ப்யூட்டர் பெட்டி முன்பக்கம் நட்ட நடுவுல, மிளகளவுக்குக் கறுப்பா ஒரு கண்ணாடி வட்டம் பொருத்தினேன். ரிமோட்டை அமுக்கினா அதுதான் வாங்கிக்கிடும். அணிவகுப்பு வரப் போற பக்கத்தை மொதல் பக்கத்துலயே வச்சு, ஒரே ஒரு பட்டனை அமுக்கினா ஓடுத மாதிரி பண்ணிட்டேன். "இனி கீபோர்டு, மவுசெல்லாம் எதுக்குக்கா?"ன்னு பெருமை வேற. அக்கா அது ரெண்டையும் தன் தங்கச்சி மகளுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க.

மறுநாளே போன். டிவி முழுக்க நீலமா ஏதோ எழுதி நிக்குதாம். போய்ப் பாத்தா, கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பிச்சுக்கிட்டு இருக்க நேரத்துல யாரோ சுவத்து சுவிட்சை அணைச்சிருக்காங்க. யாருன்னு கேக்கவே வேண்டாம். அண்ணாச்சி அந்த ரூம் நிலையில சாய்ஞ்சு நிக்காரு, உள்ள வரல. எல்லாத்தையும் மறுபடி ஏத்தி முடிச்சப்போ எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு, கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "அண்ணாச்சி, அது பாதி வேலையில இருக்கும்போது கழுத்தைத் திருகினா எப்படிப் பொழைக்கும்?"னு கேட்டுட்டேன். அவர் என்னைப் பாக்கல. போத்தியிருந்த துணி மடிச்சு வச்சிருக்க கட்டிலைப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"இருந்த ஆளே போயாச்சு. ஆளில்லாத ரூம்ல இது மட்டும் எதுக்கு முழிச்சுக்கிட்டுக் கெடக்கணும்?"

எண்ணெய்க் கை

அணிவகுப்பு அன்னைக்குக் காலையில நான் குற்றாலத்துக்குப் போயிருக்கவே கூடாது. முந்தின நாளு இலத்தூர்ல எல்லாம் சரியா ஓடிச்சேன்னு ஒரு தைரியம். சாரல் நல்லா விழுந்துக்கிட்டிருக்கு, கூட்டம் அள்ளுது, லாட்ஜ் மேனேஜர் விடியும்போதே போன் போட்டுட்டாரு. "மாடி ரூம் பூரா உங்க பெட்டி செத்துப் போச்சு. ஆளுங்க சத்தம் போடுதாங்க"ன்னாரு. என் பெட்டி செத்துப் போச்சுன்னு சொன்னா எனக்குப் பொறுக்காது.

பையில இருந்த என் மவுசை மாட்டிப் பாத்தேன். ஒவ்வொரு பெட்டியும் ஜம்முன்னு ஓடுது. அப்புறம் ரிமோட்டைக் கையில எடுத்தா, விரால் மீன் மாதிரி வழுக்கிட்டு ஓடுது. இங்க அருவியில குளிக்க வாரவங்க உடம்பு பூரா எண்ணெயைத் தேய்ச்சுட்டு, அது ஊறுத வரைக்கும் கட்டில்ல படுத்து டிவி பாக்காங்க. அந்தக் கையாலதான் ரிமோட்டை அமுக்குதாங்க. உள்ள பட்டனெல்லாம் எண்ணெயில நீச்சலடிக்குது. ஒண்ணொண்ணாப் பிரிச்சுத் துடைச்சு வெயில் இல்லாத ஊர்ல ஃபேனுக்குக் கீழ காய வச்சேன். மேனேஜர் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் பாத்தாரு.

"அப்பம் ஆளுகளுக்கு முன்னால ரிமோட்டத்தான் அருவிக்குக் கூட்டிட்டுப் போவணும்ங்கீங்க."

சாரல்ல தண்ணி பாய்ச்சுதது

நான் சிரிச்சு முடிக்கல, சண்முகத்தாய் அக்கா போன். குரலே அடங்கிப் போயிருக்கு. "தங்கச்சி, ரிமோட்டு கேக்க மாட்டேங்கு. அவுக சட்டையெல்லாம் போட்டு வந்து உக்காந்திருக்காக. இன்னும் கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிருவாங்களாம்." சட்டையெல்லாம் போட்டுன்னு சொன்னதுமே நான் எந்திரிச்சுட்டேன். வீட்டுல எப்பமும் துண்டோட இருக்க மனுசன் அவர். பையைத் தூக்கிப் போட்டு வண்டியைக் கிளப்பினேன். வேன், காரு, குளிச்சிட்டு ஈரத்தோட நடுரோட்டுல போற கூட்டம், எல்லாரையும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டே போனேன்.

இலத்தூர்ல போய்ப் பையைத் திறந்தா மவுஸ் இல்ல. லாட்ஜ்லயே வச்சுட்டு வந்துட்டேன். இந்த வீட்டு மவுசு என் வாய்க் கொழுப்பால தங்கச்சி மக வீட்டுக்குப் போயிருக்கு. டிவியில மொதல் பக்கம் தெளிவா நிக்குது, ஒரு பட்டன் அமுக்குனாப் போதும். பேட்டரியை மாத்தினேன். ரிமோட்டை என் செல் கேமரா முன்னால பிடிச்சு அமுக்கிப் பாத்தேன், வெளிச்சம் வருது, ரிமோட்டுல குத்தமில்ல. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன். எதுக்கும் அசையல. அதுக்குள்ள அக்கா தம்பி அங்கன இருந்து போன் பண்ணி ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லிட்டாரு. அக்கா தன் செல்லுல அதைத் திறந்து நீட்டினாங்க. அண்ணாச்சி எந்திரிச்சுட்டாரு. "செல்லுல எனக்குத் தெரியாது, கண்ணாடி இல்ல. தோப்புக்குத் தண்ணி பாய்ச்சணும்"னாரு. "வெளிய சாரல் அடிக்கு. இதுல என்னத்தத் தண்ணி பாய்ச்சப் போறீக?"ன்னு அக்கா கேட்டாங்க. அழுகையும் கோவமும் சேர்ந்து வந்துச்சு அந்தக் கேள்வியில. அவர் நிலை வரைக்கும் போய் நின்னாரு. மழைக்கு நிக்காரா, மகளுக்கு நிக்காரான்னு எனக்குத் தெரியல.

நான் கம்ப்யூட்டர் முன்னால முட்டி போட்டேன். ஆண்டவனைக் கும்பிட இல்ல, வயரைப் பாக்க. குனிஞ்சதும் சந்தன வாசம் மூக்குல ஏறிச்சு. பாத்தா, பெட்டி முன்பக்கம் நட்ட நடுவுல, காசளவுக்குச் சந்தனம், அது மேல குங்குமம். சரியா அந்தக் கறுப்பு வட்டத்து மேல. "யாருக்கா இத வச்சது?"ன்னேன். "நான்தான். அவ படிச்ச பெட்டி, அவ உடுப்புப் போட்டு நடக்க நாளு. காலையில குளிச்சிட்டு வச்சேன். நடுவுல வட்டமா இருந்துச்சு, பொட்டு வைக்கத்தான் விட்டிருக்காவன்னு நெனச்சேன்"னாங்க. என்னத்தச் சொல்ல? நம்ம வீட்டுல வண்டிக்கு, கிரைண்டருக்கு, தையல் மிஷினுக்கு எல்லாம் நடுவுல பாத்துத்தானே வைக்கோம். முந்தானையால அழுத்தித் துடைச்சு, மனசுக்குள்ள மாப்பு கேட்டுட்டு, பட்டனை அமுக்கினேன். சுவத்துல ஒரு மைதானம் விரிஞ்சுது. எனக்கு அப்பத்தான் போன உசுரு திரும்பி வந்துச்சு. தரையிலயே சம்மணம் போட்டு உக்காந்துட்டேன்.

திரை நிறையக் காக்கி. எல்லாப் பிள்ளையும் ஒரே உயரம், ஒரே தொப்பி, ஒரே நடை. அக்கா டிவிகிட்டப் போய், "எங்க இருக்கா, எங்க இருக்கா"ன்னு விரலால தடவித் தேடுதாங்க. நிலையில இருந்து குரல் வந்துச்சு. "ஏட்டி, தள்ளி நில்லு, மறைக்கே. அந்தா, நாலாவது வரிசையில கடைசி. வலது கை கொஞ்சம் வெளிய வீசுது பாரு. கிணத்துப் படியில விழுந்து ஒடைச்ச கை." கேமரா கிட்டப் போச்சு. முத்துச்செல்வியேதான். அண்ணாச்சி கண்ணாடி அவர் சட்டைப் பையிலயே இருந்துச்சு, வெளிய எடுக்கவே இல்ல. அக்கா வாயை முந்தானையால பொத்திக்கிட்டு உள்ள போனாங்க. போனவங்க சந்தனக் கிண்ணத்தோட வந்து, கம்ப்யூட்டரைச் சுத்திப் போய், முதுகுப் பக்கம் ஒரு பொட்டு வச்சாங்க. நல்லவேளை, அங்கன காத்து வார ஓட்டை மட்டும்தான்.

அந்த வரிசை கடந்து போயிருச்சு. அண்ணாச்சி உள்ள வந்து, மொதல்ல உக்காந்திருந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் டிவிகிட்ட இழுத்துப் போட்டு உக்காந்தாரு. முகத்தை என் பக்கம் திருப்பல. "ஏம்மா, நீ வாரதுக்கு முன்னாலயே கொஞ்சம் ஓடியிருக்கும்லா. அது இனி வராதோ?"ன்னு கேட்டாரு. நேரலையா இருந்தாலும் பின்னால இழுத்துப் பாக்கலாம் அண்ணாச்சின்னேன். அவர் ரிமோட்டை எடுத்து என் கையில குடுத்தாரு.

"அப்பம் மொதல்ல இருந்து போடு."

இப்பமெல்லாம் எந்த வீட்டுல இருந்து ரிமோட்டு கேக்கலன்னு கூப்பிட்டாலும், பேட்டரியைப் பத்தி விசாரிக்கதுக்கு முன்னால நான் விசாரிக்கது, காலையில பூசை ஏதும் நடந்துச்சான்னுதான்.