ஆறு பல்லும் ஏழு பல்லும்

அழகாக இருப்பது எதுவும் தப்பாக இருக்காது என்பது என் கணவரின் நம்பிக்கை. என்னைக் கட்டிக்கொண்டதற்கும் அதுதான் காரணம் என்பார். நான் மறுத்துப் பேசியதில்லை. ராணுவம் கழித்துவிட்ட பழைய லாரி ஒன்றை வாங்கிய கையோடு, அதற்குரிய டயரைவிட நாலு அங்குலம் உயரமான டயர்களை மாட்டி எங்கள் ஜோகுபாளையத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். தெருவே கூடிப் பார்த்தது. "ராஜா மாதிரி நிக்குது பாரு" என்றார். நன்றாகத்தான் நின்றது. ஏறுவதில்தான் கோளாறு.

ஆனேக்கல் பக்கத்துக் கல்குவாரி ஒன்றிலிருந்து கருங்கல் ஏற்றி வர ஒரு காண்ட்ராக்டர் ஒத்துக்கொண்டிருந்தார். முதல் நாளே, குவாரிப் பள்ளத்திலிருந்து மேலே வரும் சரிவில் பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. கல்லையெல்லாம் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறி வந்தார். வருகிற திங்கட்கிழமையும் ஏறவில்லை என்றால் வேறு லாரி பார்த்துக்கொள்வேன் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் கதி, விட்டுவிட்டு வந்த ஃபாக்டரிதான். அங்கே போர்மனிடம், "இனிமே என்னைப் பாக்கணும்னா அண்ணாந்துதான் பாக்கணும், லாரி மேல இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்த மகானுபாவர் இவர். அதே போர்மன் முன்னால் கைகட்டி நிற்பதை நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாய்க்கொழுப்பு அவருடையதுதான் என்றாலும் எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அல்சூரில் பட்டறை வைத்திருந்த மிஸ்திரி வண்டியைப் பார்த்தவுடன் தன் உருது கலந்த தமிழில் சொல்லிவிட்டார்: "டயர் பெரிசு பண்ணிட்டீங்க அண்ணா. பின்னால கிரவுன் பினியனும் மாத்தணும். இல்லேன்னா இழுக்காது, நை." பின்னச்சுக்குள் ஒரு பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்றும் ஒரு சின்னப் பல்சக்கரம், அந்த ஜோடிக்குத்தான் அந்தப் பெயர். மிஸ்திரியிடம் இரண்டு ஜோடிகள் இருந்தன. இரண்டிலும் பெரிய சக்கரத்துக்கு முப்பத்தேழு பல். சின்னதில் ஒன்றுக்கு ஆறு பல், மற்றதற்கு ஏழு.

நான் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். கணக்கு என்று வந்தால் கை சும்மா இருக்குமா? பழைய டயரையும் புது டயரையும் நூல் சுற்றி அளந்தேன். பெரியது ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு கூடுதலாக ஓடியது. பின்சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, மிஸ்திரியும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் ஒரு சுற்றுச் சுற்ற, நான் கீழே குனிந்து, அந்தச் சின்னச் சக்கரத்தைச் சுழற்றும் ஷாப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணினேன். ஐந்தரைச் சுற்று. பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் ஷாப்டும் எட்டில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்ற வேண்டும். அதாவது ஆறும் சொச்சமும். முப்பத்தேழை ஆறால் வகுத்தால் அதுவேதான். ஏழால் வகுத்தால் ஐந்தேகால், இருப்பதைவிட மோசம்.

"பெரிய டயருக்குப் பெரிய சக்கரம். இதுல என்ன வகுத்தல் வேண்டிக் கிடக்கு? ஏழு பல்லுதான்" என்றார் என் கணவர்.

"என்னங்க, கொஞ்சம் நோட்டைப் பாருங்களேன்."

"உன் நோட்டு மேடு ஏறாது, டீச்சரம்மா."

மிஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் கையைக் காட்டி அடக்கி, டீ குடிக்க எதிர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். சுவரோரம் இரண்டு ஜோடிகளும் தனித்தனிச் சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மேலே மிஸ்திரி கையால் சாக்பீஸில் 6, 7. என் பையில் சாக்பீஸ் இல்லாத நாள் ஏது? புடவைத் தலைப்பால் இரண்டையும் துடைத்துவிட்டு எண்களை மாற்றி எழுதினேன். ஒன்று எது, ஏழு எது என்று என் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்பதால், ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு இழுப்பது என் வழக்கம். அங்கேயும் இழுத்தேன். அவர்கள் திரும்பி வந்தபோது நான் பரமசாதுவாக நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவர் பட்டறைக்குப் போன பிறகு, இட்லிக்கு மாவரைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: மாட்டுகிற மிஸ்திரி பல்லை எண்ணிப் பார்க்காமல் இருப்பாரா? கை அப்படியே நின்றுவிட்டது. மாட்டிக்கொண்டால் வசவு ஒரு பக்கம், அந்த ஏழு பல்லை மாட்டிவிடுவார்களே என்ற பயம் இன்னொரு பக்கம். சாயங்காலம் உடம்பெல்லாம் கிரீஸோடு வந்தவர், "மாட்டியாச்சு. வெந்நீர் போடு" என்றார். அவ்வளவுதான். மிஸ்திரி எண்ணவே இல்லை போலும் என்று நினைத்து, அந்த நல்ல மனிதரின் தொழிலை மனத்துக்குள் மட்டம் தட்டினேன்.

திங்கட்கிழமை வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். வலி பொய் இல்லை. கல் ஏற்றி, முதல் கியரில் சரிவைத் தொட்டது வண்டி. போன தடவை நின்ற இடம் வந்தது. நிற்கவில்லை. எருமை மாதிரி நிதானமாக, உறுமிக்கொண்டே மேலே வந்து சேர்ந்தது. "ஆயித்து, நாளெயிந்த பா" என்று காண்ட்ராக்டர் கன்னடத்தில் சொல்லி, மறுநாளிலிருந்து வரச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் கல்தூசி என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் நான் பட்டது கொஞ்சமல்ல. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இவர் அந்தக் கதையை அளப்பார். "பெரிய டயருக்குப் பெரிய சக்கரம், ஏழு பல்லு! டீச்சரம்மா ஆறுன்னு ஒத்தக் கால்ல நின்னா" என்று சொல்லி என் பக்கம் திரும்பிச் சிரிப்பார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு சாம்பார் ஊற்றுவேன்.

இரண்டாவது லாரி வாங்கிய சமயம். ஒரு நாள் காலை பல்சக்கர ஜோடிகள் கட்டிய இரண்டு சாக்குகளைத் தூக்கி வந்து சமையலறை வாசலில் வைத்தார். இரண்டிலும் எண் எதுவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"எதுல ஏழுன்னு எழுதணுமோ எழுது. நடுவுல அந்தக் கோட்டை மறந்துடாதே."

எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. "எப்போ தெரியும்?"

"அன்னிக்குச் சாக்கைத் தூக்குறப்பவே, அந்தக் கோட்டைப் பாத்து. மிஸ்திரியும் அவுத்து எண்ணிட்டு, நம்பர் மாறிப் போயிருக்குன்னான். டீச்சரம்மா எழுதினதையே மாட்டுன்னு சொல்லிட்டேன்."

"அப்ப இத்தனை வருஷமா பீத்திக்கிட்டது?"

"நீ எத்தனை நாள் சொல்லாம இருப்பேன்னு பாத்தேன். கெட்டிக்காரிதான்."

சாக்பீஸை வாங்கிக்கொண்டு, டயர் அளவு என்ன என்று கேட்டேன்.