ஆயாவின் பவுடர் டப்பா

காலையில் கதவைத் திறந்ததும் சவரியம்மாளுக்கு முதல் வேலை ஊசி வேகவைப்பது. கண்ணாடி சிரிஞ்சுகளைப் பிரித்து, ஊசிகளோடு தட்டில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைப்பாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். படப்பையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள்தான் ஆயா.

வடக்குப்பட்டில் வாழ்க்கைப்பட்ட புதிதில் அவளுடைய தலைப்பிள்ளை வயிற்றுப்போக்கில் போய்விட்டது. ஏன் போனது என்று யாரும் சொல்லவில்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு சிஸ்டர்தான் சொன்னார்: கிருமி. அன்று முதல் அவள் வீட்டில் குடிதண்ணீர் கொதித்தது, சொம்பு கொதித்தது, புருஷனின் கைக்குட்டையும் கொதித்தது.

"ஒருநா என்னையும் அண்டாவுல போட்டு மூடிடப் போறே மே" என்பார் புருஷன் அமிர்தநாதன்.

தாம்பரத்திலிருந்து ஓரகடம் பக்கம் போகும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். பஸ் நின்ற இடத்தில் போண்டா, கிடைத்த கடையில் சாப்பாடு. அவரை வேகவைக்க முடியாதே, அதற்குத்தான் கேப்சூல்.

காய்ச்சல் விட்டதும் மிச்சக் கேப்சூல்களைச் சுற்றுவட்டார ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். வீட்டில் வைத்திருந்தால் நோய் மறுபடியும் தேடி வரும் என்று ஒரு பயம். குப்பையில் போடச் சொல்லி சிஸ்டர் உத்தரவு. உயிர் காக்கிற பொருளைக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை. வீட்டில் ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்துவைத்தாள். அவர் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்த நாளெல்லாம், "இந்தா, முழுங்கிட்டுப் படு."

எழுபத்தெட்டாம் வருஷ மழைக்காலத்தில் அவருக்கு வயிறு போக ஆரம்பித்தது. கேப்சூல் கொடுத்தாள், நின்றது. மறுபடி வந்தது, மறுபடி கொடுத்தாள். பிறகு நிற்கவே இல்லை. நடுவழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அவர் புதர்ப்பக்கம் ஓடினார்.

"இன்னா கண்டக்டரே, பஸ்ஸுக்கு ரைட் சொல்லாம நீ மட்டும் ரைட்ல போறே!" என்று உள்ளேயிருந்து சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் கண்டக்டர் பை வேறு ஆளின் தோளுக்குப் போகும் என்று சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமைதோறும் வரும் டாக்டர் காந்திமதியிடம் அவரைக் கூட்டிவந்தாள். டாக்டர் சவரியம்மாளைவிட வயதில் சின்னவர்.

"முன்னாடி ஏதாவது மருந்து எடுத்தாரா?"

"இல்லீங்க டாக்டரம்மா. ஓமத் தண்ணி மட்டுந்தான்."

அமிர்தநாதன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். டாக்டர் சீட்டு எழுதினார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவள் கைக்கு வந்ததும் கேப்சூல்தான், டப்பாவில் இருப்பதைவிடப் பெரிசு. வெளியே பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்த மனிதரைப் பார்த்தாள். எந்தக் கேப்சூலுக்கும் கேட்காத வயிற்றுக்கு இன்னும் ஒன்றா? ஆஸ்பத்திரி மருந்தைப் பதுக்கினது தெரிந்தால் வேலை போய்விடும். வீட்டுக்கு ஓடிப்போய் டப்பாவை எடுத்துவந்து டாக்டர் மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் மூடியைத் திறந்தார். சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் பாதி டப்பா. "இதத்தான் அவருக்குக் குடுத்துக்கினு இருந்தேன்" என்றாள் சவரியம்மாள்.

"சவரியம்மா, உங்க வீட்டுக்காரர் பஸ் காலையில ரொம்பி வருமில்ல? அதுல திருடன் ஏறுவானா?"

"கூட்டத்துலதானே டாக்டரம்மா அவன் ஏறுவான்!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஏறட்டும். உக்கார எடம் கெடைக்குமா?"

"எங்க கெடைக்கும்? அவனவன் துண்டு போட்டுக் குந்திக்கினு வரான்."

"நம்ம குடல்லயும் அப்படித்தான், நல்ல கிருமிங்க எடம் புடிச்சு உக்காந்திருக்கு. கெட்டது வந்தா அதுக்கு எடமும் விடாது, சாப்பாடும் விடாது. அதுக்கு ஆகாத புளிப்பைக்கூட சிலது உண்டாக்கும். கேப்சூலுக்கு நல்லது கெட்டது தெரியாது. எல்லாரையும் எறக்கி விட்டுடும். காலி பஸ்ஸுல அப்புறம் எவன் வந்து உக்காந்தாலும் கேக்க ஆளில்ல."

"கிருமியில நல்லதும் கீதா?"

அவள் கேட்ட விதத்தில் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமும் ஸ்டவ் முன்னால் நின்றவளுக்கு அது சுலபத்தில் இறங்கவில்லை.

"ஊசிக்குக் கொதிக்கணும், தண்ணிக்கும் கொதிக்கணும். அதுல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் தன் சீட்டைக் கிழித்தார். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர், கஞ்சி, மோர். ரத்தமோ காய்ச்சலோ கண்டால் உடனே வரவேண்டும். "எறங்கிப் போனவங்க திரும்பி வந்து உக்கார நாளாகும்."

"திங்கக்கெழம பஸ் ஏறிடுவாருங்களா?"

"மாட்டார்."

பக்கத்தில் ஸ்டவ்மேல் தட்டு கொதித்துக்கொண்டிருந்தது. சவரியம்மாள் ஸ்டவ்வைத் தணிக்கக் குனிந்து, பாதியில் நிமிர்ந்தாள்.

"அப்போ அவரு பை போயிடும். எங்க வூட்டுக்கு இந்த வேலை ஒண்ணுதான். திங்கக்கெழம நான் வரட்டுங்களா, டாக்டரம்மா?"

டாக்டர் டப்பாவை மூடினார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் பேசிப் பாக்கறேன்" என்று சிஸ்டர் இருந்த அறைப்பக்கம் நடந்தார்.