ஞாயிறு மதியம் இரண்டு மாத்திரை

"மாத்திரைய ஒழுங்கா போட்டீங்களாம்மா?"

சென்ற சனிக்கிழமை, அம்பத்தூரில் டாக்டர் என் மனைவி ஸ்டெல்லாவிடம் கேட்டது இது. கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். வாரம் ஒன்றாக எட்டு வாரம் விட்டமின் டி மாத்திரை சாப்பிட்டும் அளவு ஏறவே இல்லை. கால் வலியும் குறையவில்லை.

வலி மட்டும் என்றால் ஸ்டெல்லா பொறுத்துக்கொள்வாள். சேக்காட்டில் எங்கள் சர்ச்சில் பாடகர் குழு நிற்பது மேல்மாடத்தில். பதினாறு படி. இருபது வருடமாக அங்கே நின்று பாடியவள், இரண்டு மாதமாகக் கீழே பெஞ்சில். அவள் இடத்துக்கு வேறு ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை.

மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான்; டாக்டரின் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. டைரியை விரித்தேன். எட்டு ஞாயிறு, எட்டு டிக்.

"மறந்துடக் கூடாதுன்னு எல்லாத்தையும் ஞாயிறு மதியச் சாப்பாட்டோட வெச்சிருக்கேன், டாக்டர்."

"எல்லாத்தையும்னா? வேற என்ன இருக்கு?"

இருந்தது. பாடி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு நண்பர், பக்க வியாபாரமாக விற்கும் 'ஃபேட் பிளாக்கர்' கேப்சூல். "பிரியாணிக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்கினு துன்னுங்க அண்ணி... கொழுப்பு ஒடம்புல ஒட்டவே ஒட்டாது!" என்று கொடுத்தார். எங்கள் வீட்டில் பிரியாணி ஞாயிறு மட்டும்தான். எனவே கேப்சூலும் ஞாயிறு.

சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"அது கொழுப்பச் செரிக்க விடாம அப்படியே வெளிய தள்ளும். இந்த விட்டமின் கொழுப்புல கரைஞ்சுதான் ஒடம்புல சேரும். ரெண்டையும் ஒண்ணா போட்டா? அதோட இதுவும் போயிடும். ஏம்மா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வயிறு கலக்கி, எண்ணெயா போகுமே?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். போனது. நாங்கள் பிரியாணிக் கடையைத்தான் சந்தேகப்பட்டோம் — இரண்டு முறை கடையை மாற்றியும் விட்டோம்.

வேண்டாததை மட்டும் தடுத்து, வேண்டியதை உள்ளே விட ஒரு கேப்சூலுக்கு எப்படித் தெரியும்? வாங்கும்போது இதை யார் யோசிக்கிறோம்?

கேப்சூல் நிறுத்தம். விட்டமின் மறுபடி எட்டு வாரம், கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு.

திரும்பும் வழியில், ஆட்டோவிலேயே, ஸ்டெல்லா பாடகர் குழுத் தலைவருக்கு போன் போட்டாள்.

"பிரதர், எட்டு வாரத்துக்கு என் இடத்த யாருக்கும் குடுத்துடாதீங்க. கோளாறு என் கால்ல இல்ல... எங்க வீட்டுக்காரர் போட்ட டைம்டேபிள்ல!"