செங்கல்வராயன் அடித்த நிஜமான ஃபோர்

சத்தியவேட்டிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ்ஸில் செங்கல்வராயன் கண்டக்டராக இருந்த காலத்தில், கடைசி சீட்டில் தூங்குவது போல நடித்து டிக்கெட் எடுக்காமல் தப்பிக்கிற ஆட்கள் அவர் டியூட்டி என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள். அரை டிக்கெட் கேட்டால் பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்வார். பாஸ் காட்டினால் போட்டோவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். ரிட்டையர் ஆன அன்று பையையும் டிக்கெட் மிஷினையும் டிப்போவில் ஒப்படைத்தார். சந்தேகத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி ரத்தினம்மா, ஸ்ரீசிட்டி ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிற மகன் ஹரிபிரசாத், வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிற மருமகள் ஷோபா. மூன்று பேரும் பாஸ் இல்லாமல் பயணம் செய்பவர்கள் போலத்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ரத்தினம்மா கடைக்குப் போய் ஏன் இவ்வளவு நேரம் ஆனது, ஷோபாவுக்கு வந்த போன் யாருடையது, பாலில் இன்றைக்கு ஏன் நுரை இல்லை. தைக்கக் கொடுக்க வரும் பெண்களை கேட்டிலேயே நிறுத்தி எந்தத் தெரு, யார் வீடு என்று விசாரிப்பார். இரண்டு பேர் வேறு டெய்லரிடம் போய்விட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஹரிபிரசாத் டிவியில் மாட்டுகிற கேம் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். உள்ளே கிரிக்கெட். நைனா பொழுதுபோகாமல் இருக்கிறாரே என்று ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்து, எந்த பட்டன் எதற்கு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். முதல் நாள் பந்து கீப்பர் கைக்குப் போன பிறகுதான் செங்கல்வராயன் மட்டையை வீசினார். நாலைந்து தடவை அவுட் ஆனதும் ஜாய்ஸ்டிக்கைக் கட்டில்மேல் வீசிவிட்டுப் போய் கேட்டில் நின்றுகொண்டார்.

இரண்டாம் நாள் வேறு மாதிரி இருந்தது. பட்டனை அழுத்தியதும் மட்டையின் நடுவில் பட்டு 'டொக்' என்றது. உள்ளங்கையில் ஜாய்ஸ்டிக் சின்னதாக அதிர்ந்தது. பந்து பவுண்டரிக்கு ஓடியபோது டிவிக்குள் ஸ்டேடியமே எழுந்து நின்றது. அந்த அதிர்வு தோள்வரைக்கும் ஏறியதாக அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து காலை காபி முடிந்தால் கிரிக்கெட், சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் மறுபடி கிரிக்கெட். எல்லா மேட்சிலும் ஜெயித்தார்.

அந்த 'எல்லா'தான் அவரை உறுத்த ஆரம்பித்தது. முழு பஸ்ஸும் கேட்காமலே டிக்கெட் எடுத்தால் எந்தக் கண்டக்டரும் மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்ப்பான். பந்து போடுகிறவன் ஏன் தேடித் தேடி மட்டைமேலேயே போடுகிறான்? கைக்கு நேராகப் போன கேட்சை அவன் ஏன் விட்டான்? ஒரு நாள் சோதித்தே பார்த்துவிடலாம் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினார். கண்ணைத் திறந்தால் சிக்ஸர். ஸ்டேடியம் எழுந்து நின்றது. செங்கல்வராயன் சிரிக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, கேம் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

முதலில் பெட்டி விற்ற கடைக்காரன்மேல் சந்தேகம் வந்தது. பிறகு மகன்மேல். ஹரிபிரசாத் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தான். சத்தியம் செய்கிறவர்களை அவர் முப்பது வருஷமாகப் பார்த்தவர். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் திருப்பதி பஸ் ஏறினார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு கேம் ஆடவிடுகிற கடை இருந்தது. அதை நடத்துகிற யஸ்வந்த் பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அதே கிரிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தான். முதல் பந்திலேயே மிடில் ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போனது. திரும்ப ஆடினார், திரும்பவும் போனது. யஸ்வந்த் ஆறுதல் சொல்ல வாயெடுத்தான். செங்கல்வராயன் முகத்திலோ ஒரு நிம்மதி.

"இது நம்பற மாதிரி இருக்குது," என்றார்.

யஸ்வந்த் அவருக்கு லெவல் என்பதை விளக்கினான். அடியில் இருக்கிற லெவலில் கைக்குழந்தை ஆடினாலும் ஜெயிக்கும். ஆனால் அது தானாக அங்கே போகாது, யாராவது உள்ளே போய் மாற்றியிருக்க வேண்டும் என்றான். திரும்பி வரும்போது புத்தூர், பிச்சாட்டூர், நாகலாபுரம் எல்லாம் கடந்து போனதே அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்தி விசாரித்துக்கொண்டே வந்தார். பாவம் கிழவன், ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று யார் நினைத்திருப்பார்கள்? பரிதாபப்பட்டது யாராக இருந்தாலும் விடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் போட்டுப் பார்த்தார். லெவல் என்ற இடத்தில் 'பிகினர்' என்று இருந்தது. யார் போட்டது என்று கூடத்தில் நின்று கேட்டார். ஷோபா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நான்தான் மாமா. ரெண்டாவது நாளே போட்டுட்டேன்."

"எதுக்கு? நான் தோத்தா உனக்குப் பாவமா இருக்குதா?"

"பாவம்லாம் இல்ல மாமா. தோத்தா நீங்க கேட்ல போய் நிக்கறீங்க. வர்றவங்கள, போறவங்கள, எங்கள, எல்லாரையும் கேள்வி கேக்கறீங்க. நீங்க ஜெயிச்சிக்கினு இருந்தா இந்த வீட்ல யாரும் எதுக்கும் பதில் சொல்ல வேணாம்."

அவர் ரத்தினம்மாவைப் பார்த்தார். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மறுநாள் அவரே லெவலை மாற்றி 'ஹார்ட்' வைத்தார். வருகிற பந்தெல்லாம் ஸ்டம்பைத் தூக்கியது. ஆனால் எழுந்து கேட்டுக்குப் போகவில்லை. கொஞ்சம் வீம்பு, கொஞ்சம் வெட்கம். ப்ளவுஸ் கொடுக்க வந்தவர்கள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே வந்து போனார்கள். போன் அடிக்கும்போது மட்டும் அவர் காது அந்தப் பக்கம் திரும்பும். கேள்வி தொண்டைவரை வரும். அதற்குள் அடுத்த பந்து வந்துவிடும்.

ஒரு மாலை ஷோபா தையலை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். மிஷினோடு எத்தனை நாள் ஆடுவீங்க, நான் பந்து போடறேன் என்றாள்.

"நீ வேணும்னே லேசா போடுவ," என்றார்.

அவள் முதல் ஓவரிலேயே இரண்டு தடவை அவரை அவுட் ஆக்கினாள். இதை எப்போது கற்றுக்கொண்டாள் என்று கேட்டதற்கு, நீங்க மத்தியானம் தூங்கறப்போ என்றாள். தன் மூக்குக்குக் கீழே இத்தனை நாள் நடந்ததைப் பிடிக்காமல் விட்டோமே என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது.

தினமும் கொஞ்ச நேரம் ஆடினார்கள். தினமும் தோற்றார். அப்படி ஒரு நாள், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு பந்து வந்தது. அவர் அவசரப்படவில்லை. பந்து மட்டைக்கு வருகிறவரை காத்திருந்து அழுத்தினார். கையில் அதிர்ந்தது. கவருக்கும் பாயிண்ட்டுக்கும் நடுவே பந்து தரையோடு ஓடியது. ஃபீல்டர் விழுந்து புரண்டும் எட்டவில்லை. பந்து பவுண்டரிக் கயிற்றைத் தொட்டது.

செங்கல்வராயன் டிவியைப் பார்க்கவில்லை. சட்டென்று ஷோபா பக்கம் திரும்பினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜாய்ஸ்டிக்கைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, கவர்ல ஒரு ஆளு வெச்சிருக்கணும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அது நடிப்பாக இருக்குமா என்று அவர் ஒரு கணம் தேடினார். எதுவும் அகப்படவில்லை. அவர் உடம்பு நாற்காலியில் தளர்ந்து சாய்ந்தது.

அடுத்த பந்திலேயே மிடில் ஸ்டம்ப் பறந்தது. ஷோபா கை தட்டிச் சிரித்தாள். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அவர் கண்ணில் இன்னும் அந்தப் பந்துதான் புல்மேல் ஓடிக்கொண்டிருந்தது.