மாட்டுக்கு வருத்தமோ?

எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்ட வருஷம் நடந்தது இது. மலாயாவில், ரெம்பாவ் டவுனிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம். ரேடியோவில் அவசரகாலம் என்பார்கள். நாங்கள் கம்பிவேலிக் காலம் என்றுதான் சொல்வோம். எனக்கு அப்போது இருபது வயது. பால்மரம் சீவும் வேலை, கையில் எட்டு மாதப் பெண் குழந்தை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்போம்; அங்கே எனக்கு வாயாடி என்று பெயர். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லுவேன். அந்த வாயால்தான் இவ்வளவும் நடந்தது.

குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்போது எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து தாய்ப்பால் நின்றுபோனது. அதற்குப் பிறகு அவள் வளர்ந்தது எங்கள் செவலைப் பசுவின் பாலில்தான். டின் பாலை நம்பிப் பிள்ளை வளர்க்க முடியாது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று கடையிலேயே டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து சேருமுன் எறும்பு மொய்த்துவிடும்.

மூன்று இடங்களில் இருந்த லயங்களைப் பிரித்து, ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடமாகக் கட்டி, சுற்றிக் கம்பி அடித்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். ஆட்களை அடைத்தது சரி, மாடுகளை எங்கே அடைப்பது? வீடுகளிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் மாட்டுக்கொட்டகை இருக்க வேண்டும் என்பது சுகாதார இலாகாவின் சட்டம். வேலிக்குள்ளே ஆட்களுக்கே இடம் போதாது. அதனால் தோட்டத்திலிருந்த ஆறு மாடுகளும் வெளியே, பழைய கொட்டகையிலேயே நின்றன.

வழக்கமாக வைக்கிற கழுநீரும் தவிடும் கொண்டுபோகலாமென்றால் கேட்டில் காவல்காரர்கள் விடுவதில்லை. தவிடும் சாப்பாட்டுச் சாமான்தானாம். காட்டிலிருந்து எவனாவது வந்து எடுத்துத் தின்றுவிடுவானாம். கழுநீர் குடிக்கவா ஒருத்தன் துப்பாக்கி தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவான் என்று கேட்டேன். சார்ஜண்ட் முறைத்த முறைப்பில் என் வீட்டுக்காரர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். செவலைக்கு வெறும் புல் பிடிக்கவில்லை. இரவெல்லாம் அங்கே நின்று கத்தும். இங்கே நாங்கள் கேட்டுக்கொண்டு படுத்திருப்போம். பாலும் பாதியாகக் குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். தைப்பிங்கில் டவுன் வேலை பார்த்துவிட்டுத் தோட்டப் பக்கம் மாற்றலாகி வந்தவர். ஒல்லியான ஆள், வெள்ளைக் கால்சட்டை, கையில் எப்போதும் அளவு நாடா. முதல் நாளே எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். அடுப்படிச் சுவரை ஒட்டியிருந்த கோழிக்கூண்டுகளை எல்லாம் நாடா பிடித்து அளந்து, தள்ளி வைக்கச் சொன்னார். தேங்கி நின்ற தண்ணீரைக் கொட்டச் சொன்னார். கெஞ்சினாலும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. வந்த அன்றே லயத்தில் அவருக்கு நாடா ஐயா என்று பெயர் விழுந்துவிட்டது.

அதை முடித்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கு வந்தார். நான் அங்கே புல் போட்டுக்கொண்டிருந்தேன். செவலையின் கண்ணில் தண்ணீர் வழிவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"மாட்டுக்கு வருத்தமோ?"

எனக்கு மனசு குளிர்ந்துபோனது. கோழிக்கூண்டை அளக்கிற மனுஷனுக்கு மாட்டின் மனசும் தெரிகிறதே என்று நினைத்தேன்.

"ஆமாங்கய்யா, ரொம்ப வருத்தம். சரியா திங்கிறதே இல்ல."

"எத்தினை நாளா?"

"வேலி போட்டதுலேருந்துங்க."

"மற்ற மாடுகளுக்கும் வந்திட்டுதோ?"

"எல்லா மாட்டுக்குந்தான். மாட்டச் சொல்லுவானேன், மனுசங்களுக்கே வருத்தந்தானேய்யா."

அவர் முகம் மாறியது. "பிள்ளையளுக்கும் இருக்கோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளைங்களுக்குத்தான் ரொம்ப" என்றேன். சும்மா சொல்லவில்லை. மாட்டுக்குப் பின்னால் ஓடித் திரிந்த பிள்ளைகள் கம்பிக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். ஏக்கத்தில் என் குழந்தைக்குக்கூடத் தூக்கமில்லை என்று வேறு சேர்த்துச் சொன்னேன். அவர் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வேகமாகப் போனார். நல்லது நடக்கப்போகிறது என்று நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலைப் பெரட்டில், ஆட்களைப் பேர் கூப்பிடும்போது, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஒரு கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னார். தோட்டத்து மாடுகளுக்குத் தொற்று நோய். அது ஆட்களுக்கும் பரவியிருக்கிறது, பிள்ளைகளுக்கு அதிகம். இன்று முதல் ஒரு சொட்டுப் பால் குடிக்கக்கூடாது, கறந்து கொட்டிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சிரம்பானிலிருந்து லாரி வந்து ஆறு மாடுகளையும் ஏற்றிக்கொண்டு போகும். போன மாடு திரும்பாது. இதை யார் சொன்னது என்று கூட்டத்தில் கேட்டார்கள். கிராணி என்னைப் பார்த்தார். நானே சொன்னதாகத்தான் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்ததாம்.

நான் நோய் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை என்று கத்தினேன். யார் நம்புவது? மற்ற ஐந்து மாட்டுக்காரர்களும் என்னைக் கண்டாலே காறித் துப்பினார்கள். "என்னத்தடி சொல்லித் தொலைச்சே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக் காட்டினேன். அதில் என்ன தப்பு என்று அவருக்கும் விளங்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் வீடு வீடாக வந்து பிள்ளைகளின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். சளி பிடித்த பிள்ளை எல்லாம் நோய்க்காரப் பிள்ளை ஆனது.

என் குழந்தைக்கு அரிசிக் கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தேன். துப்பினாள். பால் கேட்டுக் கேட்டு அழுது, தொண்டை கட்டி, அழக்கூட முடியாமல் கிடந்தாள். திருட்டுத்தனமாக ஒரு டம்ளர் கறந்து வந்திருக்கலாம். ஆனால் ஒருவேளை நிஜமாகவே நோய் இருந்தால்? படித்த மனிதர் எழுதியிருக்கிறாரே என்ற பயம். செவலையின் பாலை என் கையாலேயே மண்ணில் ஊற்றிவிட்டு வந்தேன். அந்த மூன்று நாளும் எனக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை லாரிக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். வாசலில் நின்று, "பிள்ளைக்கு வருத்தம் எப்பிடி, குறைஞ்சிட்டுதோ?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்படிங்கய்யா குறையும்? மாட்டையும் கொல்லப் போறீங்க, பாலையும் கொட்டச் சொல்லிட்டீங்க. வருத்தம் கூடத்தானே செய்யும்?" என்றேன்.

அவர் குழம்பிப் போனார். பாலை நிறுத்தினால் வருத்தம் எப்படிக் கூடும் என்று கேட்டார்.

"மனசு கஷ்டப்படாதாங்கய்யா?"

"மனசோ?" என்றார். "பிள்ளை, நீர் வருத்தமெண்டு சொன்னது கவலையையோ?"

"வேற என்னத்தங்கய்யா?"

அவர் அங்கே கவிழ்த்து வைத்திருந்த பால் வாளியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் கால்சட்டை அழுக்காகும் என்றுகூடப் பார்க்கவில்லை. "எங்கட ஆக்கள் வருத்தமெண்டால் நோயை எல்லோ சொல்லுறது" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் ஊரில் வருத்தம் என்றால் உடம்புக்கு. எங்களுக்கு வருத்தம் என்றால் மனசுக்கு. இரண்டு பேரும் தமிழில்தான் பேசினோம்.

எழுந்தவர் என்னையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். தோட்ட மானேஜரான துரை இருக்கிற இடத்தில் படியேறிப் பழக்கமில்லாத நான், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். உள்ளே இங்கிலீஷில் பேசினார்கள். பக்கத்தில் நின்ற கிராணி எனக்கு மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நோயே கிடையாது, தான் விசாரித்தது தப்பு என்று இன்ஸ்பெக்டர் சொன்னாராம். துரைக்கு அது பிடிக்கவில்லை. வேலிக்கு வெளியே மாடு இருப்பது அவருக்கு முதலிலிருந்தே தலைவலி. லாரி வருகிறது, மாடு போகட்டும், இதோடு விட்டுவிடும், உம்மை யாரும் கேட்கப்போவதில்லை என்றாராம். அவர் சொன்னதும் உண்மைதான். எங்களைப் போன்றவர்கள் எங்கே போய்க் கேட்கப்போகிறோம்?

"நோய் இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். இல்லேன்னு எழுதிக் கையெழுத்துப் போடவும் நான்தான் இருக்கேன், அப்படிங்கிறார்" என்றார் கிராணி. அதைச் சொல்லும்போது கிராணியின் குரலே மாறியிருந்தது.

சரி, நோய் இல்லை. ஆனால் வெளியே வைத்தால் போலீஸ் சட்டம் விடாது, உள்ளே வைத்தால் உம்முடைய சட்டம் விடாது, மாட்டை எங்கே வைப்பீர் என்று துரை மடக்கினார். இன்ஸ்பெக்டர் நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த வெயிலில் அவர் அளந்ததை நான் மறக்கமாட்டேன். வேலிக்குள் ஒவ்வொரு மூலையாகப் போனார். நாடாவின் ஒரு நுனியை நான் பிடித்தேன், மறு நுனி அவர் கையில். வீட்டிலிருந்து அளந்தார், அடுப்படியிலிருந்து அளந்தார், கிணற்றிலிருந்து அளந்தார். ஒரு மூலையில் கிணறு இடித்தது, இன்னொரு மூலையில் பள்ளிக்கூடம் இடித்தது. கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மூலைக்கு நடந்தார்.

கடைசியில் கேட்டுக்குப் பக்கத்து மூலை. எல்லா லயத்துக்கும் அளவு சரியாக வந்தது. ஆனால் காவல்காரர்களின் குடிசை அந்த அளவுக்குள்ளேயே இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இன்ஸ்பெக்டர் துரையையும் சார்ஜண்டையும் கூப்பிட்டு அனுப்பினார். சார்ஜண்டிடம் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரவில் இந்தக் குடிசையில் யாராவது தூங்குவதுண்டா?

சார்ஜண்ட் துரையைப் பார்த்தார். காவலுக்கு நிற்கிறவர்கள் தூங்குவார்கள் என்று துரைக்கு முன்னால் எந்த சார்ஜண்ட் சொல்லுவார்? ஒருத்தர்கூடக் கண்ணை மூடுவதில்லை என்று அடித்துச் சொன்னார். அவர்கள் விடுகிற குறட்டை லயம் முழுக்கக் கேட்கும் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் இது குடியிருக்கும் வீடு இல்லை, சட்டம் வீட்டுக்குத்தான் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. குறட்டை விஷயம் அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிமெண்டுத் தரை போட வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், தினமும் விடிந்ததும் சாணியை அள்ளி மூடிய குழியில் போட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி, துரையைச் சம்மதிக்க வைத்தார். துரை சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். சிரம்பான் லாரி காலியாகத் திரும்பிப் போனது.

அன்று மத்தியானமே செவலை உள்ளே வந்தது. கழுநீர் வாளியை நக்கி நக்கிக் காலி பண்ணிவிட்டது. கறந்து, காய்ச்சி, ஆற்றிக் கொடுத்தேன். மூச்சு விடாமல் குடித்துவிட்டு என் மடியிலேயே தூங்கிப்போனாள் என் மகள். நான் அழுதேன். இன்ஸ்பெக்டர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதோடு போயிருக்கலாம், போகவில்லை. மறுநாள் விடியற்காலை கேட் திறந்ததும் பெரட்டுக்கு வந்து நின்றார். என்னைத் திட்டிய அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கிராணியை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். தானே பேசினார். "இந்தப் பிள்ளை சொன்னதிலை ஒரு பிழையும் இல்லை. விளங்காமல் எழுதினது நான். பிழை என்ரை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

போகிற வழியில் என் வீட்டுப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றார். இன்னும் ஏதாவது ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். என் கோழிக்கூண்டு சட்டத்துக்கு இரண்டடி குறைகிறது, இன்றைக்கே தள்ளி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். சந்தோஷமாகத் தள்ளி வைத்தேன்.

பிறகு அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார், நான் மறுபடி பார்க்கவே இல்லை. அதற்குப் பின் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். தப்பைக் கீழே இருக்கிறவன் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் வாழ்க்கையில் அவசரப்பட்டு எத்தனையோ தடவை தப்பாகப் பேசியிருக்கிறேன், மருமகளிடம்கூட. ஆனால் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவர், பால்மரம் சீவுகிற ஒரு சின்னப் பெண்ணைத் தோட்டமே பார்க்கக் கும்பிட்டு "பிழை என்ரை" என்று சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அதனால் என் தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு நாளும் வெட்கமாக இருந்ததில்லை.