எழுத்தில் இல்லாத சர்க்கரை

கை நடுங்கி, வியர்த்து, பார்வை மங்கினால் முதலில் மூன்று ஸ்பூன் சர்க்கரை. கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி மூன்று. மற்ற விசாரணையெல்லாம் பிறகு. சென்னை டாக்டர் எனக்குச் சொன்ன விதி இது. வாயால்தான் சொன்னார். எழுத்தில் இல்லாத உத்தரவு செல்லாது என்று தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை ஊருக்கே சொன்னவன் நான்.

இருபத்தைந்து வயதிலிருந்து எனக்கு இன்சுலின் ஊசி. போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். என் மனைவியின் அண்ணனுக்கும் சர்க்கரை வியாதிதான், ஆனால் வேறு வகை. ஒளிந்து ஒளிந்து அல்வா தின்றார், ஒரு காலை வெட்டி எடுத்தார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பா அலமாரிக்குள், சாவி அவள் இடுப்பில். ரேஷன் கடைக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம். அவள் திருவிடைமருதூர் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரும்போது ஒருவர் பட்டா மாறுதலுக்கு யோசனை கேட்டு வந்தார். ஓய்வு பெற்றவனிடம் யோசனை கேட்டால் சோறு ஞாபகம் வருமா? அவர் போனபோது என் சட்டை நனைந்திருந்தது. சோறு மூடி வைத்தபடி இருந்தது, ஆனால் அதிலிருந்து சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அலமாரிக் கதவை இழுத்துப் பார்த்தேன். திறக்கவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனேன். கடலை மிட்டாய் கேட்டேன். நாக்கு குழறியது.

கடைக்காரர் ஜாடியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். "சார், அம்மா கண்டிப்பா சொல்லியிருக்காங்க. உங்களுக்கு இனிப்பு குடுத்தா கடைப்பக்கமே வரமாட்டேன்னுட்டாங்க. உப்பு பிஸ்கட் வேணா எடுத்துக்குங்க."

விதியைச் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வெறும் முனகல். பெஞ்சில் உரக்கம்பெனி ஏஜெண்ட் ஒருவர், அப்போதுதான் எங்கள் ஊருக்கு வரத் தொடங்கியிருந்த வெளிநாட்டுக் குளிர்பானத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். பாட்டிலைப் பிடுங்கி, மூச்சுவிடாமல் குடித்தேன்.

"தாகம்னா கேட்டிருக்கலாமே பெரியவரே" என்றார் அவர், கோபம்கூட இல்லாமல்.

சாயங்காலத்துக்குள் நான் கலர் பாட்டில் திருடிய செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி அழுதாள். நான் விளக்கினேன். அவள் அண்ணனும் இப்படித்தான் விளக்குவாராம். உள்ளூர் டாக்டர் அவள் பக்கம். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த மகன், ஞாயிற்றுக்கிழமை போனில், "அம்மா சொல்றதக் கேளுங்கப்பா" என்று முடித்துக்கொண்டான்.

"சென்னை டாக்டரே எழுதிக் குடுக்கட்டும், நான் தர்றேன்" என்றாள் அவள். என்னிடமே கற்றுக்கொண்ட நடைமுறை.

சென்னைக்கு எழுதினேன். நினைவூட்டுக் கடிதமும் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி அப்படி வந்துவிடுமோ என்று பயந்து ஊசி மருந்தை நானே குறைத்தேன். தாகம், எடைக் குறைவு, இரவெல்லாம் கொல்லைப்புறம். ஒரு பக்கம் போனால் மயக்கம், மறு பக்கம் போனால் இது. நடுவில் நான், வாசலில் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டு.

கடைசியில் பதில் வந்தது. டாக்டர் அதை அவள் பெயருக்கே, தமிழில் எழுதியிருந்தார். உங்கள் கணவர் சர்க்கரை கேட்டால் உடனே கொடுங்கள், காரணம் கேட்க நேரமில்லை என்று. இரண்டு முறை படித்தாள்.

"அப்ப அன்னிக்கு அந்தக் கடையில உங்களுக்கு உசுரே போயிருக்குமா?"

"போயிருக்கலாம்."

அவள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அலமாரிப் பூட்டிலேயே விட்டாள். தெருவே ஆற்றங்கரைக்குப் போயிருந்தது, நாங்கள் போகவில்லை. அன்று ஆடிப் பதினெட்டு, புருஷன் ஆயுசுக்காகத் தாலிக் கயிறு மாற்றும் நாள்.