மாதா திருநாள் சம்பளம்

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஓர் இறால் ஏற்றுமதி கம்பெனி. ஆக்னஸ் அங்கே சம்பளக் கணக்குப் பார்த்தாள். கணவன் வில்பிரட் அதே கம்பெனியில் ஐஸ் வண்டி ஓட்டினான். காம்பவுண்டுக்குள்ளேயே குடியிருக்க ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். புருஷனுக்கு வேலை, பெண்டாட்டிக்கு வேலை, இருக்க வீடு, எல்லாம் ஒரே முதலாளி தயவு. கொடுத்துவைத்தவள் என்றார்கள் சொந்தக்காரர்கள். காய்கறி வாங்க வெளியே போனாலும் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த வருடம் பனிமய மாதா திருநாள் அன்று இறால் நிறைய வந்து இறங்கியது. கம்பெனி விடுமுறை நாட்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் இறால் உரிக்கும் பெண்களைக் கூப்பிட்டார்கள், வந்தார்கள். விடுமுறையில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லையென்றால் சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை தர வேண்டும். ஆக்னஸ் எல்லாருக்கும் இரட்டைச் சம்பளம் போட்டு மேனேஜர் சங்கரபாண்டியனிடம் கொண்டுபோனாள்.

அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒத்தச் சம்பளம் போடும்மா. பதில் லீவு ஞாயித்துக்கிழமை குடுத்தாச்சுன்னு எழுது."

"ஞாயிறு அவங்களுக்கு எப்பவும் லீவுதான சார்?"

"வில்பிரட் வண்டி இப்ப எங்கன நிக்கி?"

புருஷன் வேலையை வைத்து மிரட்டுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இடத்துக்குத் திரும்பி, சொன்னபடியே எழுதினாள்.

இறால் உரிக்கிறவர்களில் பேச்சித்தாய் வாய்த்துடுக்குக்காரி. ஆக்னஸுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து தருகிறவளும் அவள்தான். அந்த வாரச் சம்பளம் வாங்கிய அன்று நேரே ஆபீசுக்கு வந்தாள்.

"ஏளா ஆக்னஸ், மாதா கோயில் திருநா அன்னைக்கு வேல பாத்தமே, அந்த ரெட்டச் சம்பளம் எங்க?"

"மேனேஜர்ட்ட கேளுங்கக்கா."

"கணக்கு நீதான போடுத?"

ஆக்னஸ் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச்சித்தாய் போய்விட்டாள். அடுத்த வாரமே பெண்கள் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் சங்கரபாண்டியன் ஆக்னஸைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு நீயும் வா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துரு. மறுநாளே அவங்களுக்குப் பாக்கிய குடுத்துருவோம். மாட்டேன்னா முதலாளி வக்கீல் வைப்பாரு. கேசு வருசக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் அந்தப் பொம்பளைங்களுக்கு ஒத்தப் பைசா வராது. யோசிச்சுக்கோ."

வீட்டுக்கு வந்து வில்பிரட்டிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உண்மையச் சொன்னா என்னாகும்னு தெரியும்லா? வண்டியும் போவும், வீடும் போவும். பிள்ளையளக் கூட்டிட்டு எங்க போவ?"

"பொய் சொன்னா அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அதுக்கு நான் என்ன சொல்ல, ஆக்னஸ்?"

அவன் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் தொழிலாளர் அலுவலகத்தில் பெண்கள் ஒரு பக்கம், சங்கரபாண்டியனும் அவளும் மறுபக்கம். அதிகாரி ஒரு பெண். "யார் கணக்குப் போட்டது?" என்று கேட்டார்.

ஆக்னஸ் எழுந்தாள். "நான்தான் மேடம். ஞாயித்துக்கிழமைய பதில் லீவுன்னு தப்பா எழுதிட்டேன்."

"உங்களை யாராவது அப்படி எழுதச் சொன்னாங்களா?"

பேச்சித்தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"இல்ல மேடம்."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். மேனேஜர் வாக்குத் தவறவில்லை. மறுநாளே பாக்கிச் சம்பளம் பெண்கள் கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டு போகிற வழியில் ஒருத்தி ஆக்னஸ் காதில் விழும்படியே சொன்னாள்: "படிச்சவ புத்தியப் பாத்தியா? நம்ம வயித்துல அடிச்சிருக்கா." பேச்சித்தாய் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று ஆக்னஸுக்குத் தோன்றியது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை.

"தாராளமாப் போ. ஆனா கணக்குல தப்புப் பண்ணினவன்னு உன் கையாலயே எழுதிக் குடுத்திருக்க. இந்த ஊர்ல எந்தக் கம்பெனி உனக்குக் கணக்கு வேல குடுக்கும்?" என்றார். "இங்க இருந்தா நான் பாத்துக்கிடுவேன்."

அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே வில்பிரட் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தான்.

காந்தி ஜெயந்தி அன்றும் கம்பெனியில் வேலை நடந்தது. ஆக்னஸ் எல்லாருக்கும் இரட்டைச் சம்பளம் போட்டாள். அதிகாரிகள் கண் கம்பெனி மேல் இருந்ததால் சங்கரபாண்டியன் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார். பெண்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஒவ்வொருத்தியும் ஆக்னஸ் கண்ணெதிரே இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள்.

பேச்சித்தாயின் முறை வந்தது.

"எங்கன கையெழுத்துப் போடணும் மேடம்?"

"இங்கனக்கா" என்று ஆக்னஸ் விரல் வைத்துக் காட்டினாள்.

பேச்சித்தாய் போட்டுவிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டே நகர்ந்தாள்.